அக்கா வீட்டு ரக்கூனும் கோசுமெல் தீவும்

கோடையில் சிங்கப்பூரில் இருக்கும் எங்களுக்கும் கனடாவின் டொராண்டோவுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அக்கா சனிக்கிழமை இரவு பத்தரைக்குக் கூப்பிட்டால் இங்கே ஞாயிறு காலை பத்தரை. ஈரச்சந்தைக்குப் போய்வந்து, மீனைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குக் கூப்பிட்டவள் நலம்கூட விசாரிக்கவில்லை. "டேய் தம்பி, சத்தம் போடாம பாரு, வந்துட்டான்" என்று கிசுகிசுத்துவிட்டுக் கைப்பேசியைச் சமையலறைக் கண்ணாடிக் கதவோடு ஒட்டிப் பிடித்தாள்.

ஸ்கார்பரோவில் அவர்கள் வீட்டுப் பின்பக்க விளக்கடியில் ஒரு ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமாக வால், நன்றாகத் தின்று கொழுத்த உடம்பு. முன்னங்கால்களைக் கால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து விரலும் தனித்தனியே அசைகின்றன. உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியைக் கீழே சாய்த்து, மூடியில் இருக்கும் திருகை அது தடவிக்கொண்டிருந்தது. முகம் வேறு எங்கோ திரும்பியிருக்க, விரல்கள் மட்டும் வேலை செய்தன. வேட்டி மடிப்புக்குள் சாவியைத் துழாவும் பெரியவர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் மூடி திறந்துகொண்டது.

அந்தத் தொட்டி சாதாரணத் தொட்டி இல்லை. ரக்கூனால் திறக்க முடியாதபடி வடிவமைக்கச் சொல்லி, டொராண்டோ நகரம் சுமார் 3.1 கோடி கனடிய டாலர் செலவில் 2016-இலிருந்து வீடுவீடாகக் கொடுத்தது. அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "உது லேசுப்பட்ட சாமானில்லை. அந்தத் திருகைத் திறக்க எனக்கே ரெண்டு கை வேணும்." நாளைக்கு மூடிமேல் செங்கல் வைக்கப்போவதாகச் சொன்னார்.

அப்போதுதான் பாப்பா திரைக்குள் வந்தாள். அக்கா மகள், ஒன்பது வயது. கண் சிவந்திருந்தது. வகுப்பில் ஆளுக்கொரு விலங்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அழியும் ஆபத்தில் இருக்கும் விலங்காக இருக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் புலி, பாண்டா, பனிக்கரடி என்று எடுக்க, இவள் தினமும் ராத்திரி பார்க்கும் தன் ரக்கூனை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது ஆபத்தில் இல்லை, வேறு எடு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மாமா, ரக்கூன் நெறைய இருக்காம். அதனால அதப் பத்தி யாரும் கவலப்பட வேண்டாமாம். அப்படியா மாமா?"

அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவன்தான் நான். சில வாரம் அதிலேயே கிடந்தேன்.

அவளுடைய ஆசிரியர் சொன்னது சரி. கனடாவிலிருந்து பனாமா வரை காட்டிலும் வயலிலும் நகரத்திலும் வாழும் சாதாரண ரக்கூனுக்கு அழிவு அபாயம் எதுவும் இல்லை. 'ரக்கூன்' என்ற பெயரே இன்றைய வர்ஜீனியா பக்கம் வாழ்ந்த பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்தது. கையால் தேய்ப்பவன், சுரண்டுபவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அதன் கையைத்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கைதான் அதன் செல்வம். மூளையில் புலன்களுக்கென ஒதுங்கிய பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொடு உணர்வுக்கே போய்விடுகிறது. அது இரையைத் தண்ணீரில் அலசுவதைப் பார்த்து, கழுவிச் சாப்பிடும் சுத்தக்காரன் என்று மனிதர்கள் நினைத்தார்கள். அறிவியல் பெயரிலும் 'கழுவுபவன்' என்றே இருக்கிறது. தண்ணீர் பட்டால் உள்ளங்கைத் தோல் இளகி உணர்ச்சி கூடுகிறது என்பதுதான் விஷயம். 1900-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனையில், வெவ்வேறு விதமான 13 தாழ்ப்பாள்களில் 11-ஐப் பத்து முயற்சிக்குள் ரக்கூன்கள் திறந்துவிட்டன. அப்படிப்பட்ட பிராணிக்கு டொராண்டோ தொட்டி எத்தனை நாளைக்கு?

ஆனால் பாப்பாவின் கேள்வியை நான் அங்கேயே விட்டுவிடவில்லை. ரக்கூன் என்பது ஒரே இனமா என்று தேடினேன். மூன்று இனம். ஒன்று அக்கா வீட்டுக்கு வருவது. இன்னொன்று தென்னமெரிக்காவில் பரவலாக இருக்கும் நண்டு தின்னி. மூன்றாவதைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்துக்குக் கிழக்கே கோசுமெல் என்று ஒரு தீவு. பரப்பளவு 480 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூர் 730-க்கு மேல். அதாவது நம் தீவில் மூன்றில் இரண்டு பங்கு. உலகம் முழுவதிலும் அந்த ஒரு தீவில் மட்டும் ஒரு குட்டை ரக்கூன் வாழ்கிறது. 1901-இல்தான் அறிவியல் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. எடை மூன்று நான்கு கிலோ. அக்கா வீட்டுப் பின்பக்கம் வந்தவனை ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் இதுபோல் இரண்டு வைக்கவேண்டியிருக்கும். பெருநிலத்திலிருந்து பிரிந்து, தீவின் அளவுக்கும் தீனிக்கும் ஏற்ப தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்துப்போன பிராணி. கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் வாழ்கிறது. அதன் உணவில் பாதிக்கு மேல் நண்டு; மிச்சம் பழம், தவளை, பல்லி, பூச்சி. அதே விரல்கள்தான். தொட்டித் திருகுக்குப் பதிலாகச் சேற்றுக்குள் நண்டைத் துழாவுகின்றன.

இன்று உயிரோடிருக்கும் வளர்ந்த கோசுமெல் ரக்கூன்கள் சுமார் 200 என்பது மதிப்பீடு. அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

இருநூறு. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் ஒரே ஒரு பக்கத்தில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை அளவுதான். அன்று மின்தூக்கியில் கீழே இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கத் திறக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இனம் முழுவதும் எங்கள் புளோக்குக்கு அடியில் திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டமாகப் போதாது.

அவற்றை யாரும் துப்பாக்கியோடு துரத்திக் கொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. கோசுமெல் உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல்கள் அதிகம் வந்து நிற்கும் துறைகளில் ஒன்று. கப்பல் வந்தால் விடுதி, விடுதி வந்தால் சாலை. சதுப்புநிலம் துண்டு துண்டாகிறது. சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் சாகின்றன. ஊர் நாய்கள் கடிக்கின்றன, நோயையும் கொண்டுவருகின்றன. 1971-இல் யாரோ கொண்டுவந்து விட்ட போவா பாம்புகள் தீவில் பெருகிவிட்டன. அதுவரை அந்தத் தீவில் போவா கிடையாது. இது போதாதென்று 2005-இல் ஒரே ஆண்டில் எமிலி, வில்மா என்று இரண்டு சூறாவளிகள் தீவின்மேல் அடித்தன. சூறாவளி அந்தத் தீவுக்குப் புதிதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ரக்கூன்கள் அதற்கு ஈடுகொடுத்து வந்திருக்கின்றன. ஆனால் காடு பரந்து கிடந்தபோது ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் ஒதுங்க இடமிருந்தது. ஒதுங்க இடமில்லாத இருநூறு உயிர்களின்மேல் அடிக்கும் சூறாவளி வேறு.

பார்படோஸ் தீவிலும் இதுபோல ஒரு சிறிய ரக்கூன் இருந்தது. 1964-இல் சாலையில் ஒரு கார் மோதிச் செத்துக்கிடந்ததுதான் அதன் கடைசிப் பதிவு. அந்தக் கார் ஓட்டியவர் இறங்கிப் பார்த்திருப்பாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். தான் மோதியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் ரக்கூனிடமே இருக்கிறது. 1934 ஏப்ரலில் ஜெர்மனியின் ஏடர் ஏரிக்கரையில் இரண்டு ஜோடி ரக்கூன்களைக் காட்டில் விட்டார்கள், உள்ளூர் வனத்துக்கு ஓர் அழகு சேர்க்கலாமே என்று. 1945-இல் பெர்லினுக்குக் கிழக்கே ஒரு ரோமப் பண்ணையில் குண்டு விழுந்து இன்னும் சில தப்பின. இன்றைக்கு ஜெர்மனியில் பல லட்சம். காசெல் நகரத்தில் கூரைக்குக் கூரை ரக்கூன். அங்கே அருகிப்போன குளத்தாமைகளையும் தேரைகளையும் அவை பிடித்துத் தின்கின்றன. ஜப்பானில் 1970-களின் பிற்பகுதியில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வந்த ரக்கூன் குட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்க, பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 1,500 வரை இறக்குமதி. குட்டி வளர்ந்தது, கடித்தது. கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். இப்போது அவை பழைய மரக் கோயில்களின் தூண்களைப் பிறாண்டிக்கொண்டும் வயல்களைச் சூறையாடிக்கொண்டும் இருக்கின்றன. 2005-இல் ஜப்பான் அதன் இறக்குமதியையும் வளர்ப்பையும் சட்டம் போட்டுத் தடுத்தது.

குவாதலூப் தீவின் கதை வேறு விதம். அங்கே ஒரு ரக்கூன் உண்டு. தீவுக்கே உரிய அபூர்வ இனம் என்று நினைத்துத் தேசியப் பூங்காவின் சின்னமாகவே வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு ஆராய்ந்தால், கப்பலில் மனிதர் கொண்டுவந்த சாதாரண ரக்கூனின் வழித்தோன்றல்தான் அது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் காட்டில் இருப்பதைத் தங்களுடையதாக நினைத்து நேசித்திருக்கிறார்கள். பேணிக்காக்க வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எது இந்த மண்ணின் பிராணி, எது நாம் கொண்டுவந்தது என்று தெரியாமல் பேணினால், காக்கவேண்டியது கைநழுவிப் போய்விடும்.

இதையெல்லாம் பாப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் வட்டாரக் காப்பிக்கடைக்குப் பின்னாலிருக்கும் மழைமரத்தில் மைனாக்கள் அடைய ஆரம்பித்தன. ஆறே முக்காலிலிருந்து ஏழே கால் வரை அங்கே பேச்சுக் காதில் விழாது. தே தாரிக் வாங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இந்தச் சனியனுங்க எப்ப ஒழியும்" என்றார். நானும் எத்தனையோ முறை அப்படி நினைத்தவன்தான். மேசையில் மிச்சமிருக்கும் புரோட்டாவை நம் கண்முன்னாலேயே கொத்திக்கொண்டு போகும் பறவை அது. அதன் பெயர் ஜாவா மைனா. 1920-களில் கூண்டுப் பறவை வணிகத்தின் வழியாக இங்கே வந்தது. சிங்கப்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் அது இருக்கிறது. அதன் சொந்த ஊரான ஜாவாவில் காட்டில் அதைக் காண்பது அரிதாகிவிட்டது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள். அழிவு அபாயப் பட்டியலில் அந்த மைனாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னான் என்ற பறவை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் படகை விட்டு இறங்கிப் பழைய கம்பத்து (கிராமத்து) வழியாக நடந்தால், தண்ணீர் கொப்பளிப்பதுபோல் அது பாடுவது கேட்கும். அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. ஜாவாவில் அது அற்றுப்போய்விட்டது. தாய்லாந்திலும் இல்லை. உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு, சில நூறு, இந்தச் சின்னத் தீவில் இருக்கின்றன. இத்தனை கட்டடங்களுக்கு நடுவில்! இங்கே அதைப் பிடித்து விற்க முடியாது என்பது ஒன்றே அதற்குப் பெரிய காரணம்.

நம் கண்ணில் படுவதை வைத்து நாம் கணக்குப் போடுகிறோம். பீஷான் பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் நீந்துகிறது, சிக்லாப்பில் கூரைமேல் முசாங் என்ற மரநாய் ஓடுகிறது, தஞ்சோங் பகாரில்கூட உடும்பு நடைபாதையைக் கடக்கிறது. பார்த்தீர்களா, இயற்கை நன்றாகத்தான் இருக்கிறது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. நீர்நாய் திரும்பி வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆறுகளைச் சுத்தம் செய்ததற்குக் கிடைத்த பரிசு அது. ஆனால் இவையெல்லாம் நம்மோடு வாழக் கற்றுக்கொண்ட பிராணிகள். கற்றுக்கொள்ள முடியாதவை நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால் அவை போனதும் தெரிவதில்லை.

2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தத் தீவில் பதிவான 3,196 இனங்களில் 881 காணாமல் போனதாகக் கணக்கிட்டது. பதிவாகும் முன்பே போனவற்றையும் சேர்த்து 2023-இல் வந்த இன்னொரு கணக்கு 37 விழுக்காடு என்கிறது. மூல வனத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. தீவின் பரப்பில் 0.25 விழுக்காடே வரும் வனக் காப்பகங்களில்தான் மிஞ்சிய இனங்களில் பாதிக்கு மேல் அடைக்கலம் புகுந்திருக்கின்றன.

இந்த எண்கள் எனக்கு வெறும் எண்கள் இல்லை. என் தாத்தா மண்டாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய் மங்கில் பால் இறங்குவதைப் பார்த்து வாழ்ந்தவர். பிற்காலத்தில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கதை சொல்வார். தோட்டத்தின் எல்லையில் காடு தொடங்கும் இடத்தில் ஓர் அணில் வருமாம். பூனை அளவு. சந்தனத்தைக் கரைத்துப் பூசியது மாதிரி வெளிறிய நிறம். உடம்பைவிட நீள வால். "நம்ம ஊரு அணிலு இதுக்குப் பேரன் வேணும்டா" என்பார். தாத்தா கதை கட்டுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துதான் அந்த அணிலைப் பற்றிப் படித்தேன். வெளிர்நிறப் பேரணில். சிங்கப்பூரில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல். எனக்கு நன்றாக நினைவு தெரிந்த வயது அது. எம்ஆர்டி ஏறி, பேருந்து மாறி, ஒரு மணி நேரத்தில் போய்த் தேடியிருக்கக்கூடிய தூரத்தில் அது அப்போது இருந்திருக்கிறது. தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். காட்டை அழித்தவர்கள் யாரோ வெள்ளைக்காரத் துரைகள் என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு முடியவில்லை. முதலில் கேம்பியர் என்ற செடிக்கும் மிளகுக்கும் தோட்டம் போடச் சீனத் தோட்டக்காரர்கள் வெட்டினார்கள். 1880-களுக்குள்ளேயே பெரும்பகுதி காடு போய்விட்டது. புலித் தொல்லை பெருகியபோது, 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டிருந்த கைதிகளைக் குழு குழுவாகக் காட்டுக்குள் அனுப்பிப் புலி வேட்டையாடச் சொன்னது அரசாங்கம். விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்களை விலங்கைக் கொல்ல அனுப்பினார்கள். கடைசிக் காட்டுப் புலியை 1930-இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள். அப்புறம் ரப்பர். அந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்த கைகளில் என் தாத்தாவின் கையும் உண்டு. அந்தக் கை சோறு போட்டுத்தான் என் அப்பா படித்தார், அக்கா கனடா போனாள், நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். தாத்தாமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவருக்கு வேறு வழி யார் கொடுத்தது? ஆனால் கடன் என்று ஒன்று இருந்தால் அது பேரன் பேத்திக்கும் இறங்கி வரும் என்றுதான் வளர்ந்தேன்.

அதனால்தான் மந்தி பார்க்கப் போகிறேன். ராஃபிள்ஸ் கோடிட்ட மந்தி. இந்தத் தீவில் கிடைத்த மாதிரியை வைத்து 1838-இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமான குரங்கு. கறுப்பு உடம்பு, தொடையின் உட்பக்கம் வெள்ளைக் கோடு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வாழைப்பழத்துக்குக் கையேந்தி வரும் குரங்கு இது இல்லை. மரத்தின் உச்சியில் இளந்தளிரும் காயும் தின்றுகொண்டு மனிதரைக் கண்டால் விலகிப்போவது. 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை முடிந்தபோது புக்கிட் தீமா காடும் நடு நீர்ப்பிடிப்புக் காடும் இரண்டாக வெட்டுப்பட்டன. மறுவருடம், புக்கிட் தீமாப் பக்கம் மிஞ்சியிருந்த கடைசி மந்தியை நாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. பார்படோஸில் கார், இங்கே நாய். கோசுமெல் தீவில் இரண்டும்.

2010-ஐ ஒட்டிய காலத்தில் சிங்கப்பூரில் மொத்தம் சுமார் 40 மந்திகள்தான் இருந்தன. ஆண்டி ஆங் என்ற ஆய்வாளர் அவற்றின் பின்னாலேயே பல ஆண்டுகள் நடந்து கணக்கெடுத்தார். 2016-இல் அவற்றைக் காப்பதற்கென ஒரு பணிக்குழு அமைந்தது. தேசியப் பூங்காக் கழகம், வனவிலங்கு அமைப்புகள், ஜொகூர்த் தரப்பு ஆய்வாளர்கள் என எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். தன்னார்வலர்களும் போய்க் கணக்கெடுக்கிறோம். இன்று 70-ஐத் தாண்டிவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டில் 30 மந்திகள் கூடியதைப் பெரிதாகச் சொல்வானேன் என்று கேட்பவர்களுக்கு: இந்த மந்தி ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும்.

பழைய அப்பர் தாம்சன் சாலையில் விடிகாலை ஏழு மணிக்குப் போய் நிற்போம். 1961-இலிருந்து 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த அதே சாலை. வளைவுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்திலேயே 2019-இல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா. முன்பு ஹைனான் கம்பம் இருந்த இடம். இடிந்த படிக்கட்டுகளின்மேல் இப்போது ரம்புத்தான் மரங்கள் நிற்கின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் பூங்கா. நடுவில் மரக்கிளைகள் எட்டாத இடத்தில் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே இறங்கிச் சாலையைக் கடந்தால் காருக்கு இரையாகும் என்பதற்காக.

முதல் சில முறை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுத்து வலித்ததுதான் மிச்சம். கூட வந்த அனுபவசாலிப் பெண்மணி, "கண்ணால தேடாதீங்க, காதக் குடுங்க" என்றார். காதைக் கொடுத்தேன். கட்டையால் கட்டையைப் படபடவென்று தட்டுவதுபோல் ஆண் மந்தியின் குரல். பிறகு கிளை ஒன்று வளைந்து நிமிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. கயிற்றுப் பாலத்துக்கு முன்னால் முதல் மந்தி நின்றது. கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தது. விட்டது. மறுபடி பிடித்தது. எனக்கு அக்கா வீட்டுப் பச்சைத் தொட்டியும், அதன் திருகைத் தடவிய விரல்களும் ஞாபகம் வந்தன. அப்புறம் அது ஏறிப் போய்விட்டது. மற்ற ஐந்தும் பின்னால் போயின. கீழே ஒரு வேன் கடந்து சென்றது. ஓட்டியவருக்குத் தன் தலைக்குமேல் என்ன நடந்தது என்று தெரியாது.

கோசுமெல் தீவிலும் அந்த ரக்கூனுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவரும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பொறி வைத்துப் பிடித்து, அளந்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப விடுகிறார்கள். சதுப்புநிலத்தைக் காக்கச் சொல்லி வாதாடுகிறார்கள். இங்கே நாம் செய்ததைவிடக் கடினமான வேலை அது. அவர்களுடைய தீவு வாழ்வதே கப்பலை நம்பி. சுற்றுலாவை நிறுத்து என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் புலி போய், பேரணில் போய், மந்தி நாற்பதுக்கு வந்த பிறகுதான் சிங்கப்பூர் பாலம் கட்டியது. 2013-இல் விரைவுச்சாலைக்குமேல் 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட ஒரு பாலம் கட்டி, 27 ஆண்டுக்கு முன்னால் வெட்டிய காட்டை மறுபடி ஒட்டவைத்தார்கள். அழுங்கு அதில் நடந்து போனதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. இருநூறு இருக்கும்போதே கோசுமெல் தன் சாலைகளைப் பற்றி யோசிக்கவேண்டும். நாற்பதுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. கேட்கும் இடத்தில் இருப்பவர்களிடம் சொல்ல முடிந்தால் இதை மட்டும் சொல்வேன்.

எல்லாவற்றையும் பாப்பாவுக்குச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி அனுப்பினேன். அவள் தன் விலங்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய அட்டையில் இரண்டு ரக்கூன்கள் வரைந்தாள். ஒன்று பச்சைத் தொட்டிமேல், குண்டாக. இன்னொன்று வேர்களுக்கு நடுவில், கையில் ஒரு சிவப்பு நண்டோடு, ரொம்பச் சின்னதாக. சின்னதன் பக்கத்தில் 200 என்று எழுதியிருந்தாள். இந்த முறை வாங்கிக்கொண்டார்களாம்.

அட்டையின் மூலையில் ஒரு கறுப்புக் குரங்கும் இருந்தது. "அது யாரு?" என்றேன்.

"உங்க மந்தி மாமா. பக்கத்துல ஆறுன்னு போட்டிருக்கேன். அது நீங்க பாத்தது. கூடினா எனக்குச் சொல்லணும், பென்சில்லதான் எழுதியிருக்கேன்."

போன சனிக்கிழமை அதே இடத்தில் நின்றேன். மழை விட்டு இலை சொட்டிக்கொண்டிருந்தது. ஏழரைக்கு வந்தன. நான்காவதாக வந்த பெண் மந்தியின் வயிற்றோடு ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. பிறந்த குட்டி வெள்ளையாகத்தான் இருக்கும்; முதுகில் கறுப்புச் சிலுவைபோல் ஒரு கோடு. தாய் கயிற்றுப் பாலத்தில் ஏறும்போது அது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த விரல்கள் அரிசி அளவுதான் இருக்கும்.

ஸ்கார்பரோவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு ஏழரை. அங்கேயே நின்றுகொண்டு கூப்பிட்டேன். அக்கா எடுத்து, "என்னடா இந்த நேரத்துல, எல்லாரும் நல்லாயிருக்காங்கல்ல?" என்று பதறினாள்.

"எல்லாரும் நல்லாயிருக்காங்கக்கா. பாப்பாவை அழிரப்பரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."